அண்டார்டிகாவும் எங்கள் மலைப்படியும்

கூலிக்கு நெய்த நான் இன்றைக்குப் பொதட்டூர்பேட்டையில் கொட்டகை நிறைய விசைத்தறி ஓட்டுகிறேன். திருத்தணி வட்டாரத்தில் அண்டார்டிகாவுக்குக் கப்பலில் போகப்போகும் முதல் ஆளும் நான்தான் என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிவிட்டேன்.

டிக்கெட் போடும் முன் சென்னையிலிருந்து டிராவல்ஸ் பொண்ணு போன் செய்தது. "ஐயா, கப்பல்லேர்ந்து ரப்பர் படகுல இறங்கி ஏறணும். ஐஸ்ல நடக்கணும். கால் பலமா இருக்கா?"

அந்தப் படகைப் படத்தில் பார்த்ததிலிருந்தே எனக்கு உள்ளுக்குள் உதறல். ஆனாலும், "கிருத்திகை தவறாம திருத்தணி மலைப்படி ஏறுறவன்மா நான்!" என்றேன்.

உண்மை வேறு. முழங்கால் தேய்ந்து, பல வருஷமாகக் காரில்தான் மலைக்குப் போகிறேன். மேலே ஓரமாக இறங்கி, குழாய்த் தண்ணீரை முகத்திலும் சட்டையிலும் தெளித்துக்கொண்டு, படியேறி வேர்த்தவன் மாதிரி கூட்டத்தில் கலந்துவிடுவேன்.

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி சரோஜா போனைப் பிடுங்கினாள். "இவரு கார்ல போய்கினு, வேர்வைக்குத் தண்ணி தெளிச்சிக்கிற ஆளும்மா. அங்க வழுக்கி வுழுந்தா யாரு தூக்குறது?"

அந்தப் பொண்ணு சிரிக்கவில்லை.

"நல்லவேளை சொன்னீங்கம்மா. இறங்காமலே, மேல்தளத்துல உக்காந்து பனிமலை பாக்குற கப்பலும் இருக்கு. அதுல போடட்டா?"

"ஆங், போடும்மா!" என்றேன் நான். நெஞ்சின் மேலிருந்து ஒரு தறியையே இறக்கி வைத்தது போலிருந்தது.

அடுத்த கிருத்திகைக்குக் கோயில் வாசலிலேயே, எல்லார் முன்னாலும் காரிலிருந்து இறங்கினேன்.

"இன்னா நைனா, இன்னிக்கு வேர்க்கலையா?" என்றார் சாமி கும்பிட வந்திருந்த எங்கள் டீக்கடைக்காரர். அவருக்கும் தெரிந்திருக்கிறது!

"கார்ல ஏசிப்பா" என்றேன். மலைக்காற்று அவ்வளவு சுகமாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.