மக்டலினக்காவும் வலைக்குள் கிடந்த பூனையும்

மக்டலினக்காவுக்கு நான் நாற்பத்திரண்டு ரூபாய் கடன்காரனாய் இருந்தனான். கிழிஞ்ச சாக்குத் தைச்ச கூலி. கையில் காசு இருந்தது, குடுக்கவில்லை. அதை மறைக்கிற ஆள் நானில்லை.

கிண்ணியாவிலிருந்து மாற்றிக் கட்ட ஒரு சாரம் இல்லாமல் வந்து, திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, முப்பத்தைந்து வயதில் சொந்தமாக அரிசி ஸ்டோர் போட்டவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. படிச்ச பத்துப்பேர் என்னிடம் சம்பளம் வாங்கினார்கள். அப்படிப்பட்ட என்னையும் ஒரு மனுசி வென்றவ. அவவைப் பற்றித்தான் சொல்ல வந்தனான்.

மக்டலினக்கா என்னிலும் பதினைந்து வயது மூப்பு. புருசன் டொமினிக் காய்ச்சலில் செத்தபிறகு, என் ஸ்டோர் மூலையில் இருந்து சாக்குத் தைச்சுப் பிழைச்சா. அறுபத்துநாலாம் ஆண்டுச் சூறாவளி அடிச்ச நாலாம் நாள், கரையில் உடைஞ்சு கிடந்த வள்ளத்து வலைக்குள் சிக்கியிருந்த ஒரு சாம்பல் பூனையை அறுத்தெடுத்துக் கொண்டு வந்தா. அரைவாசி வளர்ந்த குட்டி. கழுத்தைச் சுற்றி ஒரு நைலோன் நூல் மட்டும் மிஞ்சிவிட்டது. அதை வெட்டமுன்னம் அவவின் கையைப் பிறாண்டிப்போட்டு மூட்டை அடுக்குக்குள் பாய்ந்துவிட்டது.

"தீன் வைச்சால் வரும்தானே," என்றேன்.

"வரும் முதலாளி. ஆனால் தின்னத் தின்னக் கழுத்துப் பருக்கும், நூல் இறுகும். தின்னாட்டிக் கிட்ட வராது. கெதியாப் பழக்கவேணும், அவசரப்படவும் ஏலாது."

சாக்கு ஊசியால் பக்கத்தில் இருந்த தகரப் பேணியில் ஒரு தட்டு. உடனே ஒரு துண்டு சூடைமீன். பிறகு தலை நிமிராமல் தைப்பா, கை நீட்டமாட்டா. பூனை தின்றால் அடுத்த துண்டு ஒரு சாண் கிட்ட விழும். பின்வாங்கினால் மீனும் ஒரு சாண் தள்ளி விழும்.

எட்டாம் நாள் அவவின் முழங்காலுக்கு ஒரு முழத்தில் நின்று தின்றது. நூல் மயிருக்குள் புதைஞ்சு போச்சு. ஒவ்வொரு வாயையும் கழுத்தை நீட்டி நீட்டித்தான் விழுங்கிச்சுது. எனக்குப் பொறுக்கவில்லை. சேவல், ஆடு, ஒருமுறை பாம்புகூட நான் சாக்கால் மூடிப் பிடிச்சிருக்கிறேன். பின்பக்கமாகப் போய் ஈரச்சாக்கை விரிச்சு மூடினேன்.

அது கத்தின கத்தல் இன்னும் காதுக்குள் நிற்கிறது. உதறிக்கொண்டு கூரைக்கு ஏறிவிட்டது. சாக்கில் இரத்தம்.

"பிடிச்சிட்டியளோ முதலாளி?" என்றா. "என்ர எட்டு நாளையும் சேர்த்தெல்லோ மூடிப்போட்டியள்."

வெட்கம் கோபமாய் வந்தது. "பூனையோட மினக்கெட்ட நாளுக்கு நான் கூலி தரமாட்டன்!" என்று கத்தினேன்.

அவ பேணியைத் தட்டினா. பூனை இறங்கவில்லை. மூன்றாம் நாள் அது மூச்சு இழுக்கிற சத்தம் கீழே கேட்டது.

"இங்க வந்து இருங்கோ," என்றா அக்கா. " உங்களுக்குத்தான் அது பயம். உங்கட கையாலதான் தின்னவேணும்."

"வெளியில லொறி நிக்குது அக்கா."

"நிக்கட்டும்."

உள்ளங்கையில் மீனோடு இருந்தேன். இருநூறு இறாத்தல் மூட்டையோடு துறைமுக ஜெட்டிப் பலகையில் ஓடினவன் நான். இப்ப ஒரு மீன் துண்டோடு அசையாமல் இருக்கவேண்டியதாய்ப் போச்சு. பூனை மெல்ல இறங்கி, இரண்டு முழம் தள்ளி நின்றது. அந்த நேரம் பார்த்து லொறிக்கார முனாப் ஹோன் அடிச்சான். அதட்டவும் ஏலாது. பூனை பதுங்கிச்சுது. அக்கா பேணியில் ஒரு தட்டுத் தட்டினா.

வந்தது. தின்றது. அடுத்த துண்டுக்கு அக்கா அதன் முதுகைத் தொட்டா. அதற்கடுத்ததுக்குச் சின்னக் கத்தியைக் காட்டினா. நாலாம் துண்டை அது மெல்லும்போது கத்தி நூலுக்கும் தோலுக்கும் நடுவில் நுழைஞ்சுது. நூல் அறுந்து விழுந்தது. பூனை ஓடவில்லை. என் விரலை நக்கி நக்கி மீன் தேடிச்சுது.

எழும்பின கையோடு, மினக்கெட்ட நாளைக் கூலியில் கழிக்கத்தான் நான் பார்த்தேன்.

"நாளுக்கோ முதலாளி பேச்சு? சாக்குக்குப் பத்துச் சதமெல்லோ. எண்ணிப்பாருங்கோ."

எண்ணினேன். நானூற்றிருபது. ஒன்றும் குறையவில்லை. பூனை வருமட்டும் குனிஞ்ச தலையோடு இருந்த நேரமெல்லாம் அவ தைச்சிருக்கிறா. திருகோணமலையில் கணக்கில் என்னை மடக்கினவ அவ ஒருத்திதான்.

அக்கா கையை நீட்டினா. நாலு பத்து ரூபாய்த் தாள், மேலே ஒரு இரண்டு ரூபாய்த் தாள். ஒவ்வொன்றாக எண்ணி அந்தக் கைக்குள் வைச்சேன்.