மெஷின் ரூமில் இருந்து பேசுகிறேன்

லிஃப்ட் மெக்கானிக்குக் காலம் பூராவும் படியேறுவதுதான் பிழைப்பு என்பது அந்தத் தொழிலில் இருக்கும் குசும்பு. லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் அவரை ஒருவரும் சீந்த மாட்டார்கள். நின்றால்தான் அழைப்பு வரும். நின்ற லிஃப்ட்டுக்கு வைத்தியம் பார்க்க வேண்டிய இடமோ உச்சி மாடிக்கும் மேலே, மோட்டார் உட்கார்ந்திருக்கும் மெஷின் ரூமில். நம் ஆள் இருபத்தாறு வருடமாக இப்படி ஏறி இறங்கியவர். கம்பெனியில் அவருக்குப் பட்டப்பெயர் கரி இன்ஜின். காரணம் யாரும் கேட்டதில்லை, பத்தடி தூரத்திலேயே சிகரெட் வாடையை மூக்கு சொல்லிவிடும்.

கரி இன்ஜினுக்குக் கண்டம் ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியாக வந்தது. கம்பெனி டாக்டர் வருடாவருடம் நுரையீரலைச் சோதிக்க எல்லோரையும் அதில் ஊதச் சொல்வார். இந்த முறை நம் ஆள் கண் பிதுங்க ஊதியும் முள் பாதி தூரம்கூடப் போகவில்லை.

"நாற்பது நாள் டைம் தரேன். அப்பவும் இதே கதைன்னா மேல ஏறுற வேலை கிடையாது. ஸ்டோர் ரூம்ல உக்காந்து ஸ்க்ரூ எடுத்துக் குடுக்கலாம்" என்றார் டாக்டர்.

அன்று அவர் சாப்பிடவில்லை. மோட்டாரின் உறுமலைக் கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய மனிதர், ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்க்ரூ எண்ணுவதா? அதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

அவர் மனைவிக்குச் சலவைக் கடையில் வேலை. கண்டவர் சட்டைக் கறையெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது, கட்டியவர் சட்டை வாசனையா தப்பும்? முன்பு இரண்டு தடவை அவர் சிகரெட்டை விட்டதும் அவளுக்குத் தெரியும். ஒரு தடவை பதினோரு நாள் தாங்கியது. இன்னொரு தடவை காலையில் விட்டார், மத்தியானம் பிடித்தார்.

"இந்தத் தடவை வாயைச் சும்மா விடாதீங்க. ஆசை வந்தா யார்கிட்டயாவது பேசிக்கிட்டே இருங்க. அஞ்சு நிமிஷம் தாண்டிட்டா அதுவே அடங்கிடுமாம்" என்றாள்.

"வேலை நேரத்துல யார்கிட்டடி பேசுறது?"

"என் தம்பி எதுக்கு இருக்கான்?"

அவள் தம்பிதான் பதினெட்டு வருடமாக இவருடைய ஜோடி. இவர் மேலே மெஷின் ரூமில் என்றால் மச்சான் கீழே லிஃப்ட் கூண்டுக்குள் இருப்பார். அப்போது இருவருக்கும் பதினொரு மாடிக் குடியிருப்பு ஒன்றில் பெரிய வேலை. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு லிஃப்ட். இடது பக்கத்து லிஃப்ட்டுக்குக் கயிறு, கதவு எல்லாம் மாற்ற வேண்டும். வலது பக்கத்து லிஃப்ட் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதில், 'கிரீஸ் கையோடு வேலையாட்கள் ஏறக்கூடாது' என்று கட்டடச் செக்ரட்டரி போர்டு எழுதி மாட்டியிருந்தார். செக்ரட்டரி சிரித்து யாரும் பார்த்ததில்லை. எந்நேரமும் வாயில் ஒரு புதினா மிட்டாய் உருளும், அவ்வளவுதான்.

ஆக, தினமும் பதினொரு மாடியும் நடைதான். ஏழாவது மாடியில் நம் ஆளுக்கு மூச்சு முட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த மாடியில் குடியிருந்த ரிட்டயர்டான கணக்கு டீச்சர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் வாசலில் ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டார்.

மெஷின் ரூமுக்கும் கூண்டுக்கும் பேச இண்டர்காம் உண்டு. இடது லிஃப்ட்டின் வயர் செத்துக் கிடந்தது. மச்சான் வலது லிஃப்ட்டின் பெட்டியிலிருந்து ஒரு இணைப்பை இரவல் இழுத்து, "பேசுங்க மாமா, கணீர்னு கேக்குது" என்றார். அன்றிலிருந்து ஆரம்பித்தது கச்சேரி.

"மாப்ளே, வந்துடுச்சுடா."

"எவ்வளவு பெருசு மாமா?"

"யானை சைஸு. தலை கிறுகிறுங்குது. கை தானா பாக்கெட்டுக்குப் போகுது, அங்க ஸ்பேனர்தான் இருக்கு."

"ஸ்பேனரைப் பத்த வெச்சுடாதீங்க. பேசுங்க."

பேசினார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை பேசினார். பொண்டாட்டி மதகு திறந்த மாதிரி குறட்டை விடுவதைச் சொன்னார். இடுப்பு வலியைச் சொன்னார். கல்யாணத்துக்கு முன்னால் முதல் சிகரெட்டைப் பிடித்துவிட்டுக் குளியலறையில் மயங்கி விழுந்ததைச் சொன்னார். பேச ஒன்றும் கிடைக்காத நாளில் செக்ரட்டரியைப் பிடித்துக்கொண்டார். "போர்டு மாட்டியிருக்கான் பாரு, ஓட்டை வாளி! இவன் மிட்டாய் முழுங்குற அழகுக்கு நாம படியேறணுமாம்!" அன்றைக்கு ஆசை மூன்றே நிமிடத்தில் அடங்கியது.

இரண்டாவது வாரம் ஏழாவது மாடி நாற்காலியில் ஒரு பொட்டலம் வறுத்த கடலை இருந்தது. மறுநாள் இடுப்பு வலித் தைலம். அதற்கு மறுநாள் புதினா மிட்டாய் ஒரு கைப்பிடி. டீச்சருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று அவர் உருகிப்போனார். இடுப்பு வலி டீச்சருக்கு எப்படித் தெரிந்தது என்று மட்டும் யோசிக்கவில்லை. சிகரெட்டை விட்டவனுக்கு யோசனை அவ்வளவாக ஓடாது.

மூன்றாவது வாரம் மச்சானுக்குக் கடைவாய்ப்பல் பிடுங்க வேண்டியிருந்தது. ஒற்றை ஆளாகக் கயிற்று வேலை பார்க்கக்கூடாது என்பது விதி. நம் ஆள் மெஷின் ரூமைக் கூட்டித் துடைக்கத் தனியாக ஏறினார். பேனலைத் துடைக்கும்போது அதன் பின்னால் கை பட்டது. அங்கே ஒரு சிகரெட்டும் தீப்பெட்டியும் இருந்தன. முதல் நாள் அவரே ஒளித்து வைத்தவை, ஓர் ஆபத்துக்கு ஆகுமே என்று. எடுக்கவில்லை, தொட்டுத்தான் பார்த்தார் என்று பிற்பாடு மனைவியிடம் சொன்னது பொய். எடுத்தார். உதட்டில் வைத்தார். தீக்குச்சியையும் உருவிவிட்டார்.

உருவியவர், பழக்க தோஷத்தில் இண்டர்காமையும் எடுத்தார்.

"மாப்ளே, நீ கீழ இல்லன்னு தெரியும். இருந்தாலும் சொல்லிடறேன். ஒண்ணு ஒளிச்சு வெச்சிருந்தேன்டா. இப்ப வாயில இருக்கு. என்னால முடியல. ஸ்டோர் ரூமே போயிடறேன். உங்கக்காகிட்ட நீயே பக்குவமா சொல்லிடு."

ஐம்பது வயது மனிதர், மோட்டாருக்குப் பக்கத்தில் நின்று அழுதார்.

"முதல்ல தீப்பெட்டியைக் கீழ வைங்க" என்றது இண்டர்காம்.

பெண் குரல்! உதட்டிலிருந்த சிகரெட் தானாகவே கீழே விழுந்தது.

"யா… யாரு?"

"ஏழாவது மாடி டீச்சர்."

"டீச்சர், நீங்க எப்படி லைன்ல?"

"மூணு வாரமா இருக்கோம்."

"இருக்கோம்னா?"

"ஒன்பதாவது மாடி நர்ஸும் இருக்கேண்ணே" என்றது இன்னொரு குரல். "நீங்க மேல பேசுறதெல்லாம் இந்த லிஃப்ட்ல கேக்கும். நாங்க பொத்தானை அழுத்தினாத்தான் உங்களுக்குக் கேக்கும். அழுத்தினா நீங்க வெக்கப்பட்டு நிறுத்திடுவீங்கன்னு டீச்சர் யாரையும் விடல."

இரவல் வயர்! ஒலி இரண்டு கூண்டுக்கும் போகும் என்பது பதினெட்டு வருட அனுபவசாலி மச்சானுக்கு உறைக்கவில்லை. இடுப்பு வலி, குறட்டை, குளியலறை மயக்கம் என்று ஒவ்வொன்றாக நம் ஆளின் மண்டைக்குள் வந்து நின்றது. அப்போது மூன்றாவதாக ஒருவர் தொண்டையைக் கனைத்தார்.

"ஓட்டை வாளியும் இங்கதான் இருக்கேன்."

செக்ரட்டரி! முடிந்தது கதை, கம்பெனிக்கு இன்றைக்கே புகார் போகும் என்று நம் ஆள் கண்ணை மூடிக்கொண்டார்.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம்" என்று டீச்சர் அதட்டினார். "பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுங்க."

"எதுக்கு டீச்சர்?"

"சொல்லுங்கன்னா சொல்லுங்க."

சொன்னார். லிஃப்ட் கீழே போனது, யாரும் இறங்கவில்லை. மறுபடி மேலே வந்தது. வழியில் ஏறியவர்களுக்கு நர்ஸ் கிசுகிசுப்பாக விவரம் சொன்னாள், டியூட்டிக்கு நேரமாகிவிட்டதையும் சேர்த்து. பதினேழு ஏழு நூற்றுப் பத்தொன்பது வரை வண்டி ஓடியது. எட்டில் இடித்து நின்றது.

"நூத்தி முப்பத்தாறு" என்று கூண்டே சேர்ந்து கத்தியது.

பதினாறாவது வரிக்கு வந்தபோது நம் ஆள் கீழே பார்த்தார். சிகரெட் தரையில் கிடந்தது. அதன்மேல் ஆசை எப்போது போனது என்று அவருக்கே தெரியவில்லை. எடுத்துக் கிரீஸ் டப்பாவுக்குள் அமுக்கினார்.

"போயிடுச்சு" என்றார்.

லிஃப்ட்டுக்குள் யாரோ கை தட்டினார்கள்.

"வயரை இப்பவே பிரிச்சிடறேன் சார்" என்று செக்ரட்டரியிடம் கெஞ்சினார்.

"வேலை முடியறப்ப பிரிச்சா போதும்" என்றார் செக்ரட்டரி. "அதுவரைக்கும் இருக்கட்டும்."

மறுநாள் வீங்கிய கன்னத்தோடு வந்த மச்சான் விஷயத்தைக் கேட்டுவிட்டு, வலியையும் மறந்து படிக்கட்டில் உட்கார்ந்து சிரித்தார். "அக்கா குறட்டையையுமா மாமா கேட்டாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நம் ஆள் காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவர் வாயை அடைத்தார். அன்றுமுதல் இண்டர்காமை எடுத்ததும், "மெஷின் ரூம்ல இருந்து பேசுறேன், எல்லாருக்கும் வணக்கம்" என்றுதான் ஆரம்பிப்பார். பொத்தானை அழுத்தி யாராவது ஒருவர் பதில் வணக்கம் சொல்வார்.

நாற்பதாம் நாள் குழாயில் ஊதினார். முள் தேவையான கோட்டைத் தொட்டு, ஒரு மயிரிழை தாண்டி நின்றது. டாக்டர் இன்னொரு தடவை ஊதச் சொன்னார். இன்னும் ஒரு மயிரிழை தாண்டியது. சலவைக் கடைக்கே போய் மனைவியிடம் சொன்னார். அவள் அவர் சட்டைக் காலரை மோந்து பார்த்துவிட்டு, எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டாள்.

இரண்டு நாள் கழித்து வேலை முடிந்தது. கடைசியாக வயரைப் பிரிப்பது மட்டும்தான் பாக்கி. நம் ஆள் படியேறினார். ஏழாவது மாடியைத் தாண்டி எட்டாவதில் கால் வைத்தபிறகுதான் நிற்காமல் வந்தது தெரிந்தது. நாற்காலிக்கு மரியாதை இல்லாமல் போகக்கூடாதென்று திரும்ப இறங்கி வந்து, ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டுப் போனார்.

மெஷின் ரூமில் கட்டிங் பிளேயரை எடுத்து வயருக்குப் பக்கத்தில் கொண்டுபோன நேரத்தில் இண்டர்காம் கரகரத்தது.

"லிஃப்ட்காரரே, இருக்கீங்களா?"

செக்ரட்டரியின் குரல். ரொம்பத் தணிவாக இருந்தது.

"இருக்கேன் சார்."

"லிஃப்ட்ல நான் மட்டும்தான் இருக்கேன். உங்க பேச்சைக் கேட்டு நானும் சிகரெட்டை விட்டேன். முப்பத்தோரு நாள் ஆச்சு. வீட்டுக்கே தெரியாது, மிட்டாயைப் போட்டே இத்தனை வருஷம் மறைச்சவன் நான். நீங்க பேசப் பேச எனக்கும் அடங்கிடும். இன்னிக்கு நீங்க போறீங்கன்னதும்… இப்ப கையில ஒண்ணு வெச்சிருக்கேன்."

நம் ஆள் பிளேயரைக் கீழே வைத்தார். காலியாகிப்போன கிரீஸ் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் வசதியாக உட்கார்ந்துகொண்டார்.

"முதல்ல அதைக் கீழ வைங்க சார். பதினேழாம் வாய்ப்பாடு தெரியுமா?"

"எட்டு வரைக்கும் தெரியும்."

"எனக்கும் எட்டுலதான் இடிக்கும். ஆரம்பிங்க."