நேராக நிற்காத சமன்குறிகள்

பொறாமையை எப்படி எழுதுவது என்று பல வருஷம் தயங்கினேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், மட்டாஞ்சேரி டிடிபி கடையில் நானும் ரஸியாவும் பள்ளிக் கணக்குப் பாடப் புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் அடித்தோம். அவள் அடித்தால் சமன்குறிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். நான் ஸ்பேஸ் தட்டித் தட்டி நிறுத்தியவை பிரிண்டில் சிதறும். அவளுடையதும் சிதறட்டும் என்று பகவதி அம்மனிடம் வேண்டியிருக்கிறேன்.

"இனியும் தெற்றினா, ஒரு தப்பு வந்தா, வேற ஆளைப் பார்ப்பேன்," என்றார் முதலாளி.

அவர் போனதும் ரஸியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "ஸ்பேஸ் வேண்டாம் சேச்சி. ஒவ்வொரு வரியிலயும் சமனுக்கு முன்னால இந்த '&' குறியைப் போட்டா மதி, அது போதும். தானே நேரா நிக்கும்."

"இவ்வளவுதானா?"

"முன்னமே கேட்டிருந்தா சேச்சி வாயிலேர்ந்து முத்தா கொட்டியிருக்கும்?"

வேலை நிலைத்தது. என் வேண்டுதலைக் கேட்காமல் விட்ட பகவதியைக் கும்பிட்டேன். ஆனாலும் ரஸியாவின் விரல்களைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. இதைப் பிறருக்குச் சொல்பவர்கள், நான் திருந்தியதாகச் சேர்க்காமல் உள்ளபடியே சொல்லுங்கள்.