ஒருவர் மேல் மட்டும் பெய்த மழை

யுத்தம் நடந்த வருடங்களில் என் மகள் கணினி விளையாட்டு வடிவமைப்புப் படித்தாள். வெள்ளவத்தையில் எங்களைச் சுற்றியிருந்த பிள்ளைகள் கணக்கியல் படித்தார்கள், இல்லையென்றால் வெளிநாடு போனார்கள். விளையாட்டில் படிக்க என்ன இருக்கிறது என்று கேட்டேன்.

"விளையாட்டு எண்டா விதி அப்பா. ஆர் போகலாம், ஆர் நிக்க வேணும் எண்டு தீர்மானிக்கிறது."

எனக்குத் திருப்தியில்லை.

ஓய்வு பெறும்வரை அரசாங்கத்தில் புள்ளிவிவர வேலை பார்த்தவன் நான். எதையும் எண்ணாமல் இருக்க வராது. மாலையில் கீழ்வீட்டுச் சிங்கள நண்பரோடு சந்தைக்கு நடந்து போவேன். காலி வீதிச் சோதனைச்சாவடியில் இருபது நடையில் என்னைப் பதின்மூன்று தரம் மறித்திருந்தார்கள். அவரை ஒரு தரம். அதுவும் என்னோடு கதைத்துக்கொண்டு வந்ததால். ஒருநாள் சாப்பிடும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். மகள் கையை நிறுத்தினாள்.

"அந்தக் கணக்கை எனக்குத் தாங்கோ."

"ஏன் பிள்ளை?"

"கடைசிச் சோதினைக்கு ஒரு கேம் செய்ய வேணும்."

சில வாரங்களில் என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தினாள். திரையில் இரண்டு கிழவர்கள் மீன் பையோடு நின்றார்கள். மீன் பழுதாகுமுன் வீடு சேர வேண்டும். ஒருவர் கண்ணாடி போட்டிருந்தார், என்னைப் போல. அவரைத் தெரிவு செய்தேன். சாவடியில் இராணுவத்தினர் மறித்தார்கள், மீன் பழுதானது. திரும்பவும் அதேதான்.

"நான் என்ன பிழை விட்டனான்?"

"ஒண்டும் விடேல்லை."

"அப்ப எப்பிடி வெல்லுறது?"

"மற்ற ஆளா விளையாடுங்கோ."

வீடு வீடாகச் சோதனை நடந்த காலம். சாவடியின் மணல் மூட்டைகளைக்கூட அடுக்குக் குறையாமல் வரைந்திருந்தாள். கணினியைத் திறந்து பார்ப்பவன் இதைப் படிப்பென்று நம்புவானா? பிள்ளையைக் கொண்டு போய்விடுவார்களே.

"உடனை அழி."

"அழிச்சா நான் பாஸ் பண்ண ஏலாது." கொஞ்சம் யோசித்தாள். "ஆமியை எடுத்துப்போட்டு நாயைப் போடவோ?"

"ஐயோ, அது இன்னும் மோசமெல்லோ!"

கடைசியில் மழை என்று முடிவானது. மழை பெய்தால் கிழவர் கடையோரம் ஒதுங்குவார், மீன் பழுதாகும். என் கணக்கை மட்டும் மாற்ற மறுத்துவிட்டாள். பதின்மூன்று பதின்மூன்றாகவே இருந்தது.

பரீட்சை நாளில் பெற்றோரும் போகலாம் என்றார்கள். கடைசி வரிசையில் இருந்தேன். சிங்களவரான இளம் விரிவுரையாளர் கண்ணாடிக் கிழவரைத் தெரிவு செய்தார். மழை. மறுபடி மழை. மற்றவர் நனையாமல் வீடு போனார்.

"மழைக்கும் ஆள் தெரியுது மச்சான்!" என்றான் கொட்டாஞ்சேனைப் பையன் ஒருவன். வகுப்பு சிரித்தது.

ஒருவர்மேல் மட்டும் ஏன் இப்படிப் பெய்கிறது என்று விரிவுரையாளர் ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் தெருவில் அப்படித்தான் பெய்யும் சேர், என்றாள் மகள். சிரிப்பு நின்றது. அவர் திரையைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னையும் என் கண்ணாடியையும் பார்த்தார்.

எல்லோரும் போனபின் எங்கள் இருவரையும் மறித்துக் கதவைச் சாத்தினார். வேறு யாரிடமாவது இதன் பிரதி இருக்கிறதா என்றார். இல்லை என்றோம். இருக்கவும் வேண்டாம் என்றார் தணிந்த குரலில். அவள் சித்தியடையும்படி புள்ளி போடுவதாகவும், ஆனால் இது மாணவர் படைப்புகளின் கண்காட்சிக்கு வராது என்றும் சொன்னார். நான் இரண்டு தரம் நன்றி சொன்னேன். பஸ்ஸில் மகள், "அவர் எனக்காகப் பயந்தவரோ, தனக்காகவோ?" என்று கேட்டாள்.

கண்காட்சிக்கு ஹெந்தளையிலிருந்து என் தங்கை வந்தாள். வரிசையாக இருந்த கணினிகளைப் பார்த்து, "எங்கையடி உன்ர கேம்?" என்றாள்.

மகள் ஒரு கார் ஓட்டப் போட்டியைக் காட்டினாள். பக்கத்தில் நின்ற கொட்டாஞ்சேனைப் பையன் வாயைத் திறந்தான். அது அவன் செய்தது. அவள் முகத்தைப் பார்த்தான்.

"ஓம் ஆன்டி, அவ செஞ்சதுதான். இருங்க, எப்படி ஓட்டுறதுன்னு காட்டுறேன்."

தங்கை முதல் ஓட்டத்திலேயே வென்று கைதட்டினாள். "கெட்டிக்காரி! எனக்கே வெல்லக்கூடிய மாதிரிச் செய்திருக்கிறாளே" என்று திரும்பிப் பார்த்தாள். மகள் அதற்குள் மண்டபத்தை விட்டு வெளியே போயிருந்தாள்.