முன் மேசைக்காரி சாட்சி சொன்ன கதை

பைனான்ஸ் கம்பெனியில் முன் மேசையில் உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: கையெழுத்துப் போடுகிறவர் ஏசி அறையில் இருப்பார், ஏச்சு வாங்குகிறவர் வாசலுக்கு நேரே இருப்பார். கோவில்பட்டிக் கிளையில் அந்த வாசல் நாற்காலி என்னுடையது.

புதுப் பூட்டு

ஒரு திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனால் ஷட்டரில் புதுப் பூட்டு. ஜனங்கள் கட்டிய பணத்தைச் சுருட்டியதற்காகச் சென்னையில் முதலாளியைக் கைது செய்துவிட்டதாக டிவியில் ஓடுகிறது என்றார் டீக்கடைக்காரர். கொஞ்ச நேரத்தில் தெருவே கூடிவிட்டது. கம்பெனிச் சேலையில் நின்றதால் என்னைத்தான் வளைத்தார்கள். ஒருத்தர் என் கைப்பையைப் பிடித்து இழுத்தார்.

பசுவந்தனை சுப்பையா அண்ணாச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உளுந்து விற்ற பணத்தையெல்லாம் என்னிடம் கட்டியவர். அடி விழப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ எனக்கு முன்னால் நின்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார்: “ஏலே, தின்னவன் மெட்ராசுல இருக்கான். வாசல்ல நிக்கிற பிள்ளையையா அடிப்பிய?”

கூண்டில்

முதலாளி மேல் வழக்கு நடந்தபோது போலீஸ் என்னைச் சாட்சியாகச் சேர்த்தது. பணம் கட்டியவர்கள் மதுரைக் கோர்ட்டுக்குப் பிடித்த வேனிலேயே என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

“பணம் பத்திரமாக இருக்கும் என்று ஜனங்களிடம் சொன்னது நீங்கள்தானே? முதலாளிக்கு அது தெரியாதல்லவா?” என்று எதிர்த்தரப்பு வக்கீல் மடக்கினார். அழுகை வந்துவிட்டது. நீதிபதி தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு, “சொல்லச் சொன்னதே அவர்தான். எங்கள் கிளைக்கு வந்து, இப்படித்தான் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்” என்று முதலாளியை நோக்கிக் கைகாட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

வெளியே வந்து கோர்ட் படியில் உட்கார்ந்தேன். அண்ணாச்சியின் சம்சாரம் லட்சுமியக்கா புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தாள்: “ஏட்டி, அழுதாலும் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேல்லா. இப்பம் தின்னு.”

தீர்ப்பு

முதலாளிக்கும் இரண்டு டைரக்டர்களுக்கும் ஜெயில். பணம் திரும்பி வர, முடக்கிய சொத்துகளை ஏலம் போட வேண்டும், நாளாகும் என்றார் அரசு வக்கீல். திரும்பும்போது வேன் சாத்தூரைத் தாண்டியது. முன்சீட்டிலிருந்து சுப்பையா அண்ணாச்சி திரும்பினார். ஏலத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

“தாயி, தை பொறக்கவும் மகளுக்குக் கல்யாணம். மொய் எழுத நீ வந்து உக்காரணும். துட்டு விஷயம், நம்பிக்கையான ஆளு வேணும்லா.”

கம்பெனி என் கடைசிச் சம்பளத்தைத் தராமலே உள்ளே போய்விட்டது; அது ஏமாற்றிய ஜனங்களோ, யார் வீட்டு விசேஷமானாலும் இன்றைக்கும் என்னைத்தான் பணத்துக்கு முன்னால் உட்காரவைக்கிறார்கள்.