ஒன்பதாம் அறையின் குட்டிமெத்தை

பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் மூன்று மாடி லாட்ஜ் ஒன்று. மொத்தம் இருபத்திரண்டு அறைகள். பதினாறு வருஷமாக அங்கே படுக்கை விரித்தவளுக்கு மேஜரம்மா என்று பெயர் விழுந்துவிட்டது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் எப்போதோ வந்து தங்கினார். மெத்தை மேல் விரிக்கிற போர்வையின் மூலைகளைக் கடித உறை மடிப்பது போல அவள் மடித்துச் செருகியிருந்ததைப் பார்த்துவிட்டு, "எங்க மேஜர் பாத்தா சல்யூட் அடிப்பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போய்விட்டார், பெயர் நின்றுவிட்டது. வீட்டில் அவளுடைய புருஷன்கூடக் கோபம் வந்தால் "சரிங்க மேஜர்" என்பான்.

லாட்ஜின் மெத்தைகள் பழசு. நடுவில் குழி விழுந்து, படுத்தவர்களை வாரி உள்ளே இழுத்துக்கொள்ளும். எல்லாவற்றையும் மாற்ற முதலாளிக்கு மனசு வரவில்லை. ஊருக்கு வெளியே ஒரு பெரிய ஹோட்டலை மூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அங்கிருந்து மெத்தைக்கு மேலே போடுகிற டாப்பர்களை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தார். நான்கு விரல்கடை உயரம், பஞ்சு மாதிரி மெத்துமெத்தென்று இருந்தன. டாப்பர் என்ற பெயர் யார் வாயிலும் நிற்கவில்லை. துணி துவைக்கும் அக்கா அதைக் குட்டிமெத்தை என்றாள். அன்றிலிருந்து எல்லோருக்கும் அது குட்டிமெத்தைதான்.

முதல் வாரம் தங்கியவர்கள் எல்லாம் முதலாளியைப் புகழ்ந்தார்கள். இரண்டாவது வாரம் தொல்லை ஆரம்பித்தது. பழைய மெத்தைகளுக்குத் தண்ணீர் இறங்காமலிருக்க மழைக்கோட்டு மாதிரி ஒரு வழவழப்பான உறை உண்டு. குட்டிமெத்தையின் அடிப்பக்கமும் வழவழப்பு. இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? காலையில் அறையைத் திறந்தால் குட்டிமெத்தை கட்டிலுக்கு வெளியே நாக்கை நீட்டிக்கொண்டு கிடக்கும். மேஜரம்மாவின் மூலை மடிப்புகள் போன இடம் தெரியாது. இழுத்து, தூக்கி, தட்டி, மறுபடி விரிக்க அறைக்குப் பத்து நிமிஷம் கூடுதலாகப் பிடித்தது. மத்தியானச் சாப்பாடு மூன்று மணிக்குப் போனது.

"என்ன சார் இது, நிக்கவே மாட்டேங்குது" என்று முதலாளியிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"நல்லா இழுத்துச் செருகும்மா. உனக்குத் தெரியாததா" என்றார் அவர். பேச்சு அதோடு முடிந்தது.

ஒன்பதாம் அறைக்கு மாதாமாதம் ஒருவர் வருவார். மூக்குக்கண்ணாடிக் கடைகளுக்கு ஃபிரேம் விற்கிறவர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாத மனுஷன். அந்த மாதம் விடியற்காலை எழுந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஓரம் என்று அவர் நினைத்தது கட்டிலின் ஓரம் அல்ல, வெளியே தொங்கிக்கொண்டிருந்த குட்டிமெத்தையின் ஓரம். அதுவும் அவருமாகச் சேர்ந்து தரைக்கு வந்தார்கள். முழங்கை ஸ்டூலில் இடித்து வீங்கிவிட்டது.

"உங்க கட்டில் என்னைத் தள்ளி விட்டுடுச்சு சார்" என்று வரவேற்பு மேஜையில் வந்து சொன்னார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் முதலாளி சிரிக்கவில்லை. வாளியும் துடைப்பமுமாகப் படியிறங்கி வந்த மேஜரம்மாவைப் பார்த்து, "படுக்கை போடுறது யாரு? நீதானே? கண்ணை மூடிக்கிட்டா போட்ட?" என்றார். ஃபிரேம்காரர், பெட்டியோடு நின்ற இன்னும் இரண்டு பேர், எல்லோருக்கும் முன்னால்.

வாளியோடு அவள் மாடிக்கே திரும்பி ஏறினாள். காது மடல் சுட்டது. பதினாறு வருஷத்தில் அவள் போட்ட படுக்கையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.

சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். எதைச் சொன்னாலும் அதைக் கழற்றிப் பார்க்கிற புத்தி.

"எந்தப் பக்கம் வழுக்குது?"

"எல்லாப் பக்கமும்தான்."

"எல்லாப் பக்கமும் வழுக்குற சாமான் உலகத்துலயே கிடையாது. பாத்தியா, பாக்கலியா?"

"நான் திட்டு வாங்கிட்டு வந்து நிக்கிறேன், நீங்க பக்கம் கேக்குறீங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனாலும் கேள்வி மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் முதல் ஒரு வாரம், ஒவ்வொரு அறையையும் திறந்ததும் குட்டிமெத்தை எந்தப் பக்கம் வந்திருக்கிறது என்று முதலில் பார்த்தாள். பார்த்ததைப் பழைய பில் ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினாள். சுவரோடு ஒட்டிய கட்டில்களை விட்டுவிட்டால், முக்கால்வாசி அறைகளில் அது குளியலறைப் பக்கம்தான் போயிருந்தது. ஏன் குளியலறைப் பக்கம்? நின்று யோசித்துப் பார்த்தாள். விரித்து வைக்கிறவளுக்கு அது தெரியாது, படுத்து எழுகிறவர்களுக்குத்தான் தெரியும் என்று பட்டது. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது. இந்த லாட்ஜின் கட்டில் ஒன்றில்கூட அவள் ஒரு நாளும் படுத்ததில்லை.

மத்தியானம் பன்னிரண்டாம் அறை காலியாக இருந்தது. துவைக்கும் அக்காவைக் காவலுக்கு நிறுத்திவிட்டு, செருப்பைக் கழற்றி, கால் கழுவித் துடைத்துக்கொண்டு படுத்தாள்.

அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "பொணம் மாதிரி விறைச்சுக்கிட்டுப் படுத்தா எப்படிடி வழுக்கும்? புரளு."

"சிரிக்காதக்கா."

"நான் எங்க சிரிச்சேன்? புரளுடி, யாரும் வரல."

புரண்டாள். குட்டிமெத்தை நகரவில்லை. புரள்வது காரணமில்லை என்று தெரிந்தது. பிறகு, விருந்தாளி எழுவது போல எழுந்தாள். இடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகர்த்தினாள். இடுப்போடு குட்டிமெத்தையும் கூடவே வந்தது. பத்துத் தடவை படுத்து எழுந்ததில் ஒரு சாண் வெளியே வந்துவிட்டது. தூக்கத்தில் அல்ல, எழும்போதுதான் அது போகிறது. எழுகிறவர்கள் போகிற இடம் குளியலறை.

பதினோராவது தடவை மல்லாந்து படுத்தபோது மேலே பார்த்தாள். மின்விசிறி இறக்கைகளின் ஓரத்தில் கறுப்புக் கறுப்பாகத் தூசி பிடித்திருந்தது. கீழே நின்று துடைத்தபோது ஒரு நாளும் கண்ணில் படாத தூசி. இத்தனை வருஷமும் படுத்தவர்கள் எல்லோரும் தூங்கும்வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்கள். முதலாளி திட்டியதைவிட இது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் ஏணி போட்டு ஏழு மின்விசிறிகளைத் துடைத்துவிட்டாள்.

காரணம் தெரிந்தது, மருந்து தெரியவில்லை. ஊக்கு குத்தலாமா என்று கேட்டாள். "யார் முதுகுலயாவது ஏறிச்சுன்னா, அடுத்த பஞ்சாயத்து போலீஸ் ஸ்டேஷன்லதான்" என்றாள் அக்கா. இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பைப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று நாள் சமத்தாக இருந்தது. நான்காவது நாள் வெயிலில் இளகி, நூலும் தூசியுமாகச் சுருண்டு வந்தது. உறையில் ஒட்டிய பசையைச் சுரண்ட அரை நாள் போனது.

தரை விரிப்பு விற்கிற கடையில், விரிப்பு நகராமல் அடியில் போடுகிற ரப்பர் வலை இருந்தது. புருஷன்தான் கண்டுபிடித்து வாங்கி வந்தான். முதலில் இரண்டு பட்டையாக வெட்டி ஓரங்களில் வைத்தாள். அது சுருண்டு முதுகில் உறுத்தியது. கட்டில் அளவுக்கு ஒரே துண்டாக விரித்த பிறகுதான் குட்டிமெத்தை பிடித்து நின்றது. ஆனாலும் மூலைகள் தூக்கிக்கொண்டன.

மூலைக்கு அகல எலாஸ்டிக். குட்டிமெத்தையின் நான்கு மூலையிலும் குறுக்காக வைத்துத் தைத்து, பெரிய மெத்தையின் மூலைக்கு அடியில் மாட்டிவிட்டாள். தையல் மிஷின் அக்கா வீட்டில் இருந்தது. தைத்து முடித்துப் போர்வையைச் செருகும்போதுதான் மூன்றாவது குற்றவாளி அகப்பட்டது. குட்டிமெத்தை வந்து கட்டில் நான்கு விரல்கடை உயர்ந்திருக்கிறது, போர்வை மட்டும் பழைய அளவு. செருகுவதற்கு உள்ளே போதுமான துணியே இல்லை. அவள் எவ்வளவு இழுத்துச் செருகினாலும் அது கழன்றுதான் வரும்.

"பெரிய போர்வை வேணும் சார்."

"இப்பதான் குட்டிமெத்தை வாங்கினேன். அடுத்தது போர்வையா? நாளைக்குக் கட்டில் கேப்ப."

அவள் மறுபடி கேட்கவில்லை. கிழிந்து ஒதுக்கிய போர்வைகளை நீளவாக்கில் வெட்டி, நல்ல போர்வைகளின் இரண்டு ஓரத்திலும் ஒட்டுத் தைத்தார்கள். ஒட்டு மெத்தைக்கு அடியில் போய்விடுவதால் யார் கண்ணிலும் படாது. முதலில் ஒன்பதாம் அறைக்குச் செய்தாள்.

அடுத்த மாதம் ஃபிரேம்காரர் வந்தார். முழங்கை ஆறியிருந்தது. காலையில் சாவியைக் கொடுக்கும்போது, "கட்டிலை மாத்திட்டீங்களா? அசையவே இல்லையே" என்றார்.

"எல்லாம் சரி பண்ணிட்டோம் சார்" என்றார் முதலாளி.

படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் மேஜரம்மா. அந்த 'பண்ணிட்டோம்' என்றதில் யார் யார் இருக்கிறார்கள் என்று அக்காதான் பிறகு விரல் விட்டு எண்ணினாள். "வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானேடி?"

"அவரு நல்லாத் தூங்கியிருக்காரு. போதும்க்கா."

போதும் என்றுதான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டில் பாதியை அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

மீதி இருபத்தோரு அறைகளுக்கும் தைத்து முடிக்க இரண்டரை மாதம் ஆனது. அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. காலியாகிற அறையில் படுக்கை போட்டதும் இரண்டு நிமிஷம் படுத்துப் பார்ப்பாள். பிறகு எழுந்து, சுருக்கத்தைத் தடவி நேராக்கிவிட்டு அடுத்த அறைக்குப் போவாள். ஒரு நாள் பதினேழாம் அறைக் கதவைத் திறந்த முதலாளி அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா இது? வேலை நேரத்துல படுத்துக் கிடக்குற?"

பழைய மேஜரம்மாவாக இருந்தால் துள்ளி எழுந்து முந்தானையைச் சரி செய்திருப்பாள். அன்று எழவில்லை. படுத்தபடியே சொன்னாள்.

"வேலைதான் சார் பாத்துக்கிட்டிருக்கேன். தலைமாட்டுல விளக்கு நேரா கண்ணுல அடிக்குது. கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லணும். இடது பக்கம் எலாஸ்டிக் தளர்ந்திருக்கு, நாளைக்கு மாத்திடுறேன்."

முதலாளி விளக்கைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரி, சீக்கிரம் முடி" என்று கதவைச் சாத்திக்கொண்டு போனார். விளக்கைத் திருப்ப எலக்ட்ரீஷியன் மறுவாரம் வந்தான். அந்த வருஷக் கடைசியில் பெரிய போர்வைகளும் வந்தன. தானே யோசித்து வாங்கியது போலத்தான் முதலாளி அவற்றை இறக்கி வைத்தார்.

அதற்குப் பிறகு ஆறு வருஷம் அவள் அங்கே வேலை பார்த்தாள். எலாஸ்டிக் எட்டு ஒன்பது மாதத்தில் இழுவை விட்டுப்போகும். அறை எண் எழுதிய துண்டுச் சீட்டுகளை மிஷின் இழுப்பறையில் வைத்துக்கொண்டு, முறை வந்த அறைக்கு மாற்றித் தைப்பாள். முழங்கால் வலி வந்து மாடி ஏற முடியாமல் போனபோது நின்றுகொண்டாள். யாரும் மாலை போடவில்லை, பிரிவு உபசாரமும் கிடையாது. கடைசி நாள் மத்தியானம் ஒரு மணிக்கே எல்லா அறையும் முடிந்துவிட்டது. அக்காவோடு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.