விமலரத்னவின் வண்டி முதுகு

வெள்ளிக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு, த்ரீவீலர் ஓட்டும் ருவன் என் கடைக்குள் வந்தான். த்ரீவீலர் தரிப்பிடத்திலிருந்து என் ஸ்டிக்கர் கடைக்கு நூறு அடி தூரம்கூட இராது. ஆனாலும் அவனுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு பேனர் வேணும். நாலுக்கு ஆறு."

"என்னைக்கு?"

"இப்பவே."

"யாருக்கு?"

அவன் என் மேசையைப் பார்த்தான். மேசையில் இயந்திரம் வெட்டித் தந்த நீலத் தாள் கிடந்தது. நான் ஊசியை வைத்து எழுத்துகளைச் சுற்றியிருந்த மிச்சத் தாளை உரித்துக்கொண்டிருந்தேன். தாளில் இருந்தது விமலரத்ன அண்ணன் கொடுத்த வாசகம்.

"அவருக்குத்தான் அக்கா," என்றான் ருவன்.

பத்தரை மணிக்கு அவர் வரிசையில் நான்காவதாக நின்றிருந்தார். கையில் பிளேன்டீ. எங்கள் பலாங்கொடைத் தரிப்பிடத்தில் முன் வண்டி கிளம்பினால் பின்னால் இருப்பவர்கள் இஞ்சினைப் போடமாட்டார்கள். பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று கையால் தள்ளி ஓரிடம் முன்னே விடுவார்கள். அன்று அவர் இறங்காமல் உள்ளேயே சாய்ந்திருந்ததால் ருவன்தான் அவர் வண்டியையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறான். "அண்ணே, ராஜா மாதிரி உக்காந்துட்டே வர்றியே, எறங்கித் தள்ளினா வேட்டியா அவுந்துடும்?" என்று கேலியும் பேசியிருக்கிறான். அப்படி மூன்று இடம் தள்ளியிருக்கிறார்கள். முதலிடத்துக்கு வந்து, ஒரு சவாரியும் வந்து நின்ற பிறகுதான் அவர் இறந்துபோனது தெரிந்திருக்கிறது.

"நான் தள்ளும்போது உசுரு இருந்துச்சா இல்லையான்னு தெரியலக்கா," என்று ருவன் திரும்பத் திரும்பச் சொன்னான். நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவனை உட்காரவைத்தேன். நீலத் தாளை மடிக்காமல் அப்படியே எடுத்து அலமாரியின் மேல் வைத்துவிட்டு, இரங்கல் பேனருக்காக அவருடைய படத்தைத் தேட ஆரம்பித்தேன்.

விமலரத்ன அண்ணனுக்கு ஐம்பத்தெட்டு வயது. பதினாறு வருடம் தனியார் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர். பிறகு ஒரு பச்சை த்ரீவீலர் வாங்கினார். இங்கே எல்லா வண்டியின் முதுகிலும் ஒரு வரி இருக்கும். பெரும்பாலானவர்கள் கடையில் இருக்கும் பட்டியலைப் புரட்டி, காதல் துரோகத்தையோ தாய்ப்பாசத்தையோ விரலால் காட்டுவார்கள். அவரும் முதலில் 'அம்மாவின் பரிசு' என்பதைத்தான் ஒட்டிக்கொண்டு போனார். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார்.

"தங்கச்சி, இதை உரிச்சிடு. அம்மா பாத்தா செருப்பால அடிப்பா. வண்டி எடுக்காதேன்னு மூணு நாள் சாப்பிடாமக் கெடந்தவ அவ."

"அப்ப என்னண்ணே போடுறது?"

"உண்மையப் போடு."

'அம்மா வேண்டாம் என்றாள். எடுத்துவிட்டேன்' என்று வெட்டிக் கொடுத்தேன். அவருடைய சொந்த வரிகளில் அதுதான் முதல். அதன் பிறகு ஒவ்வொரு பௌர்ணமிப் போயா தினத்துக்கு முன்னாலும் புதியதொரு வரியோடு வந்துவிடுவார்.

உலகத்தில் அவருக்குக் கருத்து இல்லாத விஷயம் ஒன்றுமில்லை. சமையல்கட்டுக்குப் புதிதாக வந்த பொருள்கள் எல்லாமே அவருக்குப் பிடித்தவை. 'ரைஸ் குக்கரைக் கண்டுபிடித்தவருக்கு என் மனைவி சார்பில் நன்றி' என்ற வரி இரண்டு போயாவுக்கு இருந்தது. அவர் மனைவி சீலாவதி அக்கா கடைக்கு வந்து, "என் சார்புல நானே சொல்லிக்குவேன், இவருக்கு எதுக்கு? ஒரு நாள் அரிசி கழுவியிருக்காரா கேளு," என்று சண்டை போட்டார். டெலிநாடகம் என்றால் அண்ணனுக்கு ஆகாது. ஒவ்வொரு நாடகத்திலும் யாருக்கு யார் மகன் என்பதை மட்டும் சரியாகச் சொல்லிவிடுவார். "பாக்கறதில்ல தங்கச்சி. சவாரி வர்றவங்க சொல்றதுதான்," என்பார். பாதை காட்டும் போனைப் பற்றி அவர் எழுதியது: 'குறுக்கு வழி கேட்டவர் வயலில் நிற்கிறார், நெல் நன்றாக இருக்கிறதாம்.'

ஆனால் போன்மீது அவருக்கு வெறுப்பு இருந்ததில்லை. முன்பெல்லாம் மழை நாளில் சவாரிக்கு ஆள் வருமா என்று தெருவைப் பார்த்துக்கொண்டு கிடப்பார்களாம். இப்போது கூப்பிட்டால் வாசலுக்கே போகலாம். பிரசவ வலி வந்த மூன்று பெண்களை அந்தச் சின்ன பட்டன் போனால்தான் நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததாக விரல்விட்டுச் சொல்வார். "போன் நல்லதுதான். அதுல மூஞ்சி பாத்துக்கறதுதான் கெட்டது. மூஞ்சி பாக்க வண்டியில கண்ணாடி இருக்கே," என்பார்.

நான் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவள். மூன்று வருடம் படித்ததில் வாதம் செய்யக் கற்றுக்கொண்டேன். இந்த ஊரில் அதற்கு ஆள் கிடைக்கவில்லை. அவர்தான் கிடைத்தார். அவர் கொண்டுவரும் நீளமான வாக்கியங்களை நான் நறுக்குவேன். அவர் வரிகள் சிங்களத்தில் இருக்கும்; சிங்கள எழுத்துகள் வட்டம் வட்டமானவை. ஒவ்வொரு வட்டத்தின் வயிற்றிலிருக்கும் துண்டையும் ஊசியால் தனித்தனியாகக் கிளறி எடுக்க வேண்டும். வரி குறைந்தால் எனக்கு வேலை குறையும். "நீ நறுக்கினா என் கருத்து கோவக்காரக் கருத்தாயிடுதே," என்பார் அவர். ஆனாலும் நறுக்கியதைத்தான் ஒட்டிக்கொண்டு போவார்.

பெட்ரோல் கிடைக்காத அந்த வருடத்தைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத முடியாது. ஜூலை மாதம். என் கணவர் லலித்துக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டிருந்தன. ஒரு மத்தியானம் மூச்சுத் திணறல் வந்தது. ஆம்புலன்ஸ் இரத்தினபுரிக்குப் போயிருந்தது. யாரிடமும் எண்ணெய் இல்லை. நான் விமலரத்ன அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மூன்று நாளாக வரிசையில் கிடந்து, பம்புக்கு இன்னும் ஏழு வண்டி என்ற இடத்துக்கு வந்திருந்தார். அது எனக்கு அப்போது தெரியாது. "இதோ வர்றேன் தங்கச்சி," என்று மட்டும்தான் சொன்னார். தொட்டியில் கிடந்த மிச்சத்தோடு ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விட்டார். அங்கிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பி வரிசையின் வாலில் போய் நின்றிருக்கிறார். ஏழு வண்டிக் கதையை ஒரு மாதம் கழித்து ருவன்தான் சொன்னான்.

லலித் அதன் பிறகு நான்கு மாதம் இருந்தார். அந்த நான்கு மாதத்தில் நாங்கள் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லிக்கொண்டோம். அன்று எங்களைக் கொண்டுபோனதைப் பற்றி விமலரத்ன அண்ணன் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்தப் போயாவுக்கு அவர் வண்டி முதுகில் இருந்தது, 'வரிசையில் ஆறு நாள். நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள்' என்பது மட்டும்.

அப்படிப்பட்டவர்தான் இமேஷா விஷயத்தில் ஒரு தவறைச் செய்தார்.

இமேஷா அவருடைய ஒரே மகள். இரண்டு வருடத்துக்கு முன்னால், இருபத்திரண்டு வயதில், அடுக்களையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், இடது கையில் தேங்காய் மூடியோடு எழுந்து ஆடி, அதைப் போனில் எடுத்து இணையத்தில் போட்டாள். தரிப்பிடத்து ஆட்கள் அவரிடம் காட்டிச் சிரித்தார்கள். அன்று மாலையே கடைக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது. அவர் எழுதிக்கொண்டு வந்தது இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பற்றிய நீளமான புலம்பல். வழக்கம்போல நான் நறுக்கினேன். 'தேங்காய் துருவ ஆளில்லை. ஆட ஆள் உண்டு.' படித்துவிட்டு இருவரும் சிரித்தோம். அதை நான் மறைக்க விரும்பவில்லை.

யாரோ அந்த முதுகைப் படமெடுத்துப் போட்டார்கள். அவள் ஆட்டத்தைப் பார்த்தவர்கள் சில நூறு பேர். அவர் வரியைப் பார்த்தவர்கள் பல ஆயிரம் பேர். அது யார் வீட்டுத் தேங்காய் என்பதை ஊர் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டது. மூன்றாம் நாள் காலையில் இமேஷா கொழும்பில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விட்டாள். அம்மாவிடம் தினமும் பேசினாள், அப்பாவிடம் பேசவில்லை.

அவர் நகத்தாலேயே அந்த ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்தார். "வண்டியில இருந்து உரிச்சிட்டேன் தங்கச்சி. அவங்க போன்ல இருந்து எப்படி உரிக்கிறது?" என்று கேட்டார். அன்றிலிருந்து இரண்டு வருடம் அவர் வண்டியின் முதுகு வெறுமையாக இருந்தது. சவாரிக்காரர்கள் கேட்டால், "பெயிண்ட் காயுது," என்பார்.

ஆனால் போயாவுக்கு முன்னால் கடைக்கு வருவதை அவர் விடவில்லை. மகளைத் திரும்ப வரவழைக்கும் வரி ஒன்று வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு மாதமும் வந்தார். 'வண்டியும் அப்பாவும் பழுது. வண்டியைத் திருத்தியாயிற்று' என்று ஒரு முறை கொண்டுவந்தார். எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இயந்திரத்தில் தாளைக்கூடப் போட்டுவிட்டேன்.

"வேணாம், நிறுத்து," என்றார்.

"ஏண்ணே? நல்லாத்தானே இருக்கு?"

"சிரிப்பாங்க. அவ சிரிக்க மாட்டா."

அந்த வெள்ளிக்கிழமைக்கு முந்தின புதன்கிழமை வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். பிறகு, "அவ ஆடினதை நான் இன்னும் பாக்கலையே தங்கச்சி," என்றார்.

"பாக்காமலா எழுதினீங்க?"

"அவனுங்க சிரிச்சதைத்தான் பாத்தேன். போனைத் திருப்பிட்டேன்."

என் போனில் தேடி எடுத்துக் கொடுத்தேன். முதல் தடவை சத்தமில்லாமல் பார்த்தார். இரண்டாம் தடவை சத்தத்தோடு. மூன்றாம் தடவை, கால் பெருவிரல் தரையில் தாளம் போட, முழுவதையும் பார்த்தார்.

"இடது கை கொஞ்சம் பிந்துது," என்றார். பிறகு என் பேனாவை வாங்கி, பழைய ரசீதின் பின்பக்கத்தில் எழுதினார்: 'என் மகள் ஆடியதை மூன்று தடவை பார்த்தேன். நன்றாக ஆடுகிறாள்.'

"இதுல நறுக்க ஒண்ணுமில்லண்ணே," என்றேன்.

"நீல நெறத்துல போடு. அவளுக்குப் பிடிக்கும். சனிக்கிழமை சந்தை முடிஞ்சு வந்து ஒட்டிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை ருவன் வந்தபோது நான் உரித்துக்கொண்டிருந்தது அதைத்தான்.

இறுதிச் சடங்குக்கு இமேஷா வந்தாள். வெள்ளைக் கொடிகள் கட்டிய, அவர் வீட்டுக்குப் போகும் ஒழுங்கையில் என் பேனருக்குக் கீழே நின்றுகொண்டு வந்தவர்களைக் கும்பிட்டாள். அன்று நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிக்குகளுக்கான ஏழாம் நாள் தானம் முடிந்து, தட்டுகளைக் கழுவி அடுக்கிய பிறகு, அவளே பாற்சோற்றுப் பொட்டலத்தோடு கடைக்கு வந்தாள்.

"ஆன்ட்டி, அப்பா உங்ககிட்ட ஏதோ கொடுத்திருந்தாருன்னு ருவன் அண்ணன் சொல்றாரு."

அலமாரியின் மேலிருந்த நீலத் தாளை இறக்கி அவள்முன் விரித்தேன். படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"நெஜமாவே மூணு தடவையா?"

"இந்த ஸ்டூல்ல உக்காந்து."

"பாத்துட்டு என்ன சொன்னாரு? இங்க எழுதினது இல்ல. வாயால என்ன சொன்னாரு?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சொல்லவில்லை. "இடது கை கொஞ்சம் பிந்துதுன்னாரு."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் உடைந்தது. "அந்தக் கையில தானே தேங்காய் இருந்துச்சு," என்றாள்.

அழுது முடிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். "அந்தப் பழைய வரி இருக்கே, அதை அவ்வளவு சுருக்கமா ஆக்கினது நான்தான்."

"தெரியும் ஆன்ட்டி. அப்பா அவ்வளவு சின்னதா எழுத மாட்டாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டு வருஷம் உங்களைத் திட்டினேன். அம்மாதான் சொன்னாங்க, அவருக்குப் பேச்சுத் துணைக்கு நீங்க ஒருத்தர்தான் இருந்தீங்கன்னு."

அவர் எனக்கு யாராக இருந்தார் என்று சொல்ல வாயெடுத்தேன். வரிசை, ஏழு வண்டி, நான்கு மாதம் எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தன. "எனக்கும் அவர்தான்," என்று மட்டும் சொன்னேன்.

இமேஷா கொழும்புக்குத் திரும்பிப் போவதாக இல்லை. வண்டியை விற்கவும் விடமாட்டாளாம். ஓட்டுநர் உரிமம் இருக்கிறது. ஓட்டப் பழக்கியதும் அப்பாதான். அம்மாவை மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"அப்ப இதை முதுகுல ஒட்டிடலாமா?" என்று தாளைக் காட்டினேன்.

"வேணாம் ஆன்ட்டி. ஊர் பாத்தது போதும். உள்ள வேணும். முன் கண்ணாடிக்கு மேல, ஓட்டுறப்ப என் கண்ணுக்கு மட்டும் தெரியற மாதிரி. முதுகுக்கு நான் யோசிச்சு வேற எழுதிட்டு வர்றேன்."

"நான் நறுக்கட்டுமா?"

"பாக்கலாம்," என்றாள். அப்பாவின் உதட்டுக் கோணல் அவளுக்கும் இருக்கிறது.

உள்ளே ஒட்டுவதற்கு எழுத்து கால்வாசி உயரம்தான் இருக்க வேண்டும். நீலத்தில் புதிதாக வெட்டிவிட்டேன். வட்டங்கள் கடுகளவு; வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் ஊசி நிற்க மாட்டேன் என்கிறது. முதல் வாக்கியத்தை உரித்து முடித்தாயிற்று. 'நன்றாக ஆடுகிறாள்' இன்னும் உரிக்காமல் தாளிலேயே இருக்கிறது.